அவர் பெயரிலிருந்து வந்த பதில்

பிப்ரவரி 11

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் துடைத்தேன். சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சை விளக்கு, உள்ளே விசிறியின் முனகல். 'உங்க சின்ன வீடு' என்று என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வேன். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேராக அதனிடம்தான் போவார். "அவ ஒண்ணும் கேக்க மாட்டா. நீதான் காய்கறி எங்கேன்னு கேப்ப" என்பார். அவர் போய் நான்கு மாதம் ஆகிறது. இப்போது சின்ன வீட்டை நான் வைத்துக் காப்பாற்றுகிறேன்.

மற்றவர்கள் எல்லாம் எங்கோ இருக்கும் பெரிய கம்பெனியில் இலவசமாக மெயில் வைத்துக்கொள்கிறார்கள். "நம்ம கடிதாசியை எவன் வீட்டுலயோ ஏன் போட்டு வைக்கணும்?" என்று இவர் மட்டும் அடம் பிடித்தார். மகள் பிறந்த வருடம், எங்கள் மூவர் பெயரிலும் ஆளுக்கு ஓர் அசை எடுத்து ஒட்டி, யாருக்கும் அர்த்தமாகாத ஒரு சொல்லை உண்டாக்கி, அதை டொமைன் பெயராகப் பதிவு செய்தார். வீட்டில் எல்லோருடைய மெயில் முகவரியும் அந்தச் சொல்லில்தான் முடியும். வரும் மெயிலெல்லாம் இந்தப் படிக்குக் கீழேதான் வந்து விழும்.

மாலை கேபிள் போன் செய்தான். அவரோடு வேலை பார்த்தவன். எப்போதும் தோளில் ஒரு கேபிள் சுருளோடு திரிவதால் அவர் வைத்த பெயர், இன்று அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"அக்கா, அண்ணனோட மெயில் பெட்டியை ஒரு தடவை திறந்து பாத்துடலாமா? எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. ஏதாவது முக்கியமானது வந்து கிடக்கும்."

வேண்டாம் என்றேன். உயிரோடு இருந்தபோது அவருக்கு வந்த ஒரு கவரைக்கூட நான் பிரித்ததில்லை. இப்போது மட்டும் எதற்கு? அவர் தடுக்க முடியாது என்பதாலா?

மகளிடம் பேசினேன். விடுதியில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். சாப்பிட்டாளாம். அவ்வளவுதான். முன்பெல்லாம் நான் கூப்பிட்டால் நாலு தடவை கட் செய்துவிட்டு ஐந்தாவது தடவைதான் எடுப்பாள். இப்போது முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுகிறாள். வகுப்பில் இருந்தாலும் எடுத்து, கிசுகிசுப்பாக "சொல்லும்மா" என்கிறாள். எடுக்கிறாள். பேச்சுத்தான் இல்லை.

பிப்ரவரி 12

அவர் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இன்றும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 26

எனக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டதாக, தண்ணீர் சோதிக்கும் எங்கள் லேபில் உடன் வேலை செய்பவள் சொன்னாள். அப்போதுதான் பார்த்தேன், மூன்று நான்கு நாட்களாக ஒன்றுமே வரவில்லை. எனக்கு யார் எழுதப் போகிறார்கள் என்று கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அலமாரியைத் திறந்தேன். பச்சை விளக்கு எரிகிறது. விசிறி ஓடுகிறது. பிறகு என்ன கேடு இதற்கு?

பிப்ரவரி 28

கேபிள் வந்து அரைமணி நேரம் குனிந்து பார்த்தான்.

"மெஷின் ஜம்முன்னு இருக்கு அக்கா. பேருதான் போச்சு."

"போச்சுன்னா? அவர் வாங்கினதுதானே?"

"அதை யாரும் வாங்க முடியாதுக்கா. வாடகைதான். வருஷா வருஷம் புதுப்பிக்கணும். இப்ப வீடு நம்ம வீடு, உள்ள ஆளும் இருக்கோம். ஆனா தெருவுல மாட்டியிருந்த கதவு எண்ணைக் கழட்டிட்டாங்க. தபால்காரர் எங்கேன்னு தேடுவாரு?"

தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படிதான் வைத்திருந்தாராம். ஆனால் அது அவருடைய வங்கி கார்டோடு இணைத்திருந்தது. அந்த கார்டை ஜனவரியில் நானே வரிசையில் நின்று ரத்து செய்துவிட்டு வந்தேன். ஒழுங்காக ஒரு வேலையை முடித்தோம் என்று அன்று நினைத்தேன்.

பெயரைப் பதிவு செய்த கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தில் கேபிள் தட்டினான். உங்கள் மெயிலுக்கு லிங்க் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்த மெயிலுக்கு?" என்றேன்.

"அண்ணனோட மெயிலுக்கு. அது இந்தப் பேர்லதான் இருக்கு. பேரு இல்லாம மெயில் வராது. மெயில் வராம பேரு வராது." பிறகு, "எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாருக்கா. 'வெளியில வேற ஒரு மெயிலைக் கொடுத்து வைங்கடா மடப்பசங்களா'ன்னு. தனக்குச் செஞ்சுக்கலை."

சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய போனும் பயன்படாது. அலுவலக வாசலில், நடைபாதையில் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பூட்டியது பூட்டியபடி கிடக்கிறது.

எச்சரிக்கை மெயில்கள் முன்பே வந்திருக்கும். அவர் பெட்டியில்தான் வந்து விழுந்திருக்கும். இதே அலமாரியில். நான் தினமும் துடைத்த இதே மெஷினுக்குள். அன்றைக்கே திறந்திருக்கலாம் என்று கேபிள் சொல்லவில்லை. ஏற்கெனவே சுற்றியிருந்த கேபிளைப் பிரித்துத் திரும்பவும் சுற்றிக்கொண்டிருந்தான்.

மார்ச் 9

கம்பெனிக்குப் போன் செய்தேன். நல்ல குரல் உள்ள பெண்.

"பதிவு செஞ்ச மெயில்லேர்ந்து ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பச் சொல்லுங்க மேடம்."

"அவர் இறந்துட்டார்மா."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா பாதுகாப்புக்காக, அவரேதான் அனுப்பணும்."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். அவரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

மார்ச் 30

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், என் அடையாள அட்டை, எல்லாம் அனுப்பியாயிற்று. வாரிசுச் சான்றிதழுக்கு இரண்டு அலுவலகம் அலைந்தேன். அங்கே ஒருவர் "என்ன சொத்து?" என்று கேட்டார். ஒரு சொல் என்று எப்படிச் சொல்வது? வங்கிக் கணக்கு என்றேன்.

ஏப்ரல் 17

பதிலே இல்லை என்று கம்பெனியோடு கேபிள் சண்டை போட்டான். பதில் போட்டுவிட்டார்களாம். பாதுகாப்புக் காரணமாக, பதிவு செய்த முகவரிக்கு மட்டும்.

என்னத்தைச் சொல்ல.

மே 7

புதுப்பிக்கும் கெடு முடிந்து பெயர் பொதுவுக்கு வந்துவிட்டது. வந்த கொஞ்ச நேரத்திலேயே யாரோ எடுத்துக்கொண்டார்கள். யார் என்று பார்க்க முடியாது, விவரம் மறைத்திருக்கிறது. எங்கள் மூன்று பேரின் அசை. அவர்களுக்கு எதற்கு அது?

கேபிள் சொன்ன காரணம்: "அண்ணன் இத்தனை வருஷமா அதுலேர்ந்து ஒரு குப்பை மெயில் போக விட்டதில்லைக்கா. எல்லா சர்வருக்கும் அந்தப் பேரு மேல நம்பிக்கை. அதுலேர்ந்து எது போனாலும் ஸ்பேமுக்குப் போகாது, நேரா வீட்டுக்குள்ள போயிடும். இப்படிப் பழைய, நல்ல பேருக்குத்தான் ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவர் சுத்தமாக வைத்திருந்ததுதான் காரணம்.

மே 20

காலை லேபில் இருந்தபோது கொழுந்தன் போன். எப்போதும் கேலி இல்லாமல் பேச்சைத் தொடங்க மாட்டார். இன்றும் கேலிதான், ஆனால் குரல் நடுங்கியது.

"அண்ணி, அண்ணன் மேல போயும் இன்டர்நெட் கனெக்‌ஷன் வாங்கிட்டாரு போல. எனக்கு மெயில் போட்டிருக்காரு."

"என்னது?"

"ஒரு பைல் அனுப்பியிருக்கேன், உடனே திறந்து பாருன்னு. அவர் அட்ரஸ்தான் அண்ணி. எழுத்து எழுத்தாப் பாத்துட்டேன். திறக்கப் போயிட்டேன். கை அது பாட்டுக்குப் போயிடுச்சு. அப்புறம்தான்…" அழுதார். நாற்பது வயது ஆள்.

திறக்காதீங்க, அழிச்சிடுங்க என்று மட்டும் சொன்னேன். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டை மூடாமல் வந்து பேசியிருக்கிறேன். சாம்பிள் முழுக்க ஊதாவாகிக் கிடந்தது.

மே 21

போலி மெயிலைப் பிடிக்கச் சோதனைகள் உண்டென்று அவர் சொல்லியிருக்கிறாரே, இது எப்படித் தப்பியது என்று கேபிளிடம் கேட்டேன்.

"தப்பலை அக்கா. அந்தப் பேர்ல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதின்னு ஒரு பட்டியல் இருக்கும். பேருக்குச் சொந்தக்காரன்தான் அதை எழுதுவான். இப்ப அவன் தன் சர்வரை எழுதி வச்சுட்டான். முத்திரையும் அவனோடது. எல்லாச் சோதனையும் பாஸ். அது போலி மெயிலே இல்லக்கா. அசல்."

அசல்.

லேபுக்கு வரும் பாட்டில்களை நினைத்துக்கொண்டேன். மூடியில் சீல் உடையாமல் இருக்கும், லேபிளில் எல்லாம் சரியாக எழுதியிருக்கும். எந்த இடத்துப் பாட்டில் என்பதற்குத்தான் அது சாட்சி. உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாராவது ஊற்றிப் பார்த்தால்தான் உண்டு.

மதியம் விடுப்பு எடுத்து, பழைய முகவரியைக் கொடுத்து வைத்திருந்த எல்லா இடத்திலும் மாற்றினேன். வங்கி, காப்பீடு, மின்சாரம். எங்கெல்லாம் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒருவன் தட்டினால் சாவி அவன் கைக்கே போகுமோ, அங்கெல்லாம்.

மகளிடமும் சொல்ல வேண்டும். அவளுக்கும் பழைய முகவரி இருக்கிறது. நாளைக்கு.

மே 22

முதல் மணியிலேயே எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அப்பா பேரில் மெயில் ஏதாவது வந்தால் திறக்காதே, அது யாரோ.

விடுதியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குதும்மா."

"வந்துச்சா உனக்கு?"

"வந்துச்சு."

"எப்ப?"

"நான் எழுதினதுக்குத்தான் வந்துச்சு."

அவள் எழுதியதற்கு. அவருக்கு எழுதியிருக்கிறாள். எனக்கு ரெண்டு வார்த்தை, அவருக்குக் கடிதம். பொறாமையா இது? இந்த நேரத்தில்? சீ.

காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.

மே 23

விடுதி அறையில் இவள் மட்டும்தான். கூட இருப்பவள் ஊருக்குப் போய்விட்டாள். மகள் மெலிந்துவிட்டாள், கழுத்தெலும்பு தெரிகிறது. தேர்வு முடிந்துவிட்டதா என்றேன். எழுதவில்லையாம்.

நான் கட்டிலில், அவள் தரையில். என் முகத்தைப் பார்க்காமல், தரைவிரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு அப்பா கூப்பிட்டாரும்மா. நான் கட் பண்ணிட்டேன். ஃபிரெண்ட்ஸ்கூட இருந்தேன். வாலு இப்ப எங்கே இருக்கா, என்ன பண்றான்னு ஆரம்பிப்பாரு. எரிச்சலா இருந்துச்சு. கட் பண்ணிட்டேன். அரைமணி நேரத்துல நீ கூப்பிட்டே."

அவர் அவளைக் கூப்பிட்டது எனக்குத் தெரியாது. பூட்டிய போன்.

அவர் போன வாரத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். எதுக்குப்பா கூப்பிட்டே என்று. பிறகு பிப்ரவரி கடைசியில் மெயில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. அப்போதும் அனுப்பிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்துகொண்டே இருந்தன. மே மாதம் ஒருநாள் திரும்பி வரவில்லை.

"போய்ச் சேந்துடுச்சுன்னு நினைச்சேன்."

ரெண்டு நாளில் பதில் வந்தது. அன்புள்ள மகளே, பரவாயில்லை, நீ கவலைப்பட வேண்டாம் என்று.

"அப்பாவுக்கு நீ எப்பவும் வாலுதான். மகளேன்னு கூப்பிட்டிருக்காராடி ஒரு தடவையாவது?"

"அது அவர் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன லூசா? தெரியும்மா. ஆனா 'பரவாயில்லை'ன்னு வந்துச்சே. அவர் அட்ரஸ்லேர்ந்து வந்துச்சே. வேற யார் எனக்கு அதைச் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. என்னிடம் கேட்டிருந்தால்தானே – இல்லை. அவள் கேட்கும்படி நான் எங்கே இருந்தேன்? படிக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் அப்படியே போயிருக்கிறது. பிறகு அந்தப் பதில், உன் போனுக்கு ஒரு எண் வரும், அதை எனக்கு அனுப்பு என்றிருக்கிறது. அனுப்பிவிட்டாள். கல்லூரியில் சேர்ந்தபோது வெளியில் தொடங்கிய அவளுடைய சொந்த மெயில் கணக்கு அந்த நிமிடமே போயிற்று. அதிலிருந்த படங்கள் எல்லாம். அவரும் அவளும் எடுத்துக்கொண்டவை. பாடம் சம்பந்தமானவை எல்லாம். கொழுந்தன் முகவரியும் அதில்தான் இருந்தது.

"அது என்ன எண்ணுன்னு தெரியாமலா அனுப்பினே?"

"தெரிஞ்சேதாம்மா அனுப்பினேன். அவரு கூப்பிட்டப்ப நான் எடுக்கலை. இப்பக் கேக்கறாரு, இதையாவது குடுத்துடலாம்னு…"

நான் தரையில் இறங்கி உட்கார்ந்தேன். அவளைத் தொடவிட்டாள்.

ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள். "உனக்குத் தெரியுமாம்மா? எதுக்குக் கூப்பிட்டாருன்னு?"

சும்மா உன் குரல் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார் – வாய்வரை வந்துவிட்டது. அவள் முகம் அதற்குத்தான் காத்திருந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். என்னிடமிருந்து வந்தால் அது அசல்தானே.

"தெரியாதுடி," என்றேன். "எனக்கு உண்மையிலேயே தெரியாது."

அவர் பெயரில் இன்னொரு ஆள் பதில் போட வேண்டாம்.

உதடு கோணி அழுதாள். நானும். பக்கத்து அறைப் பெண்கள் கதவைத் தட்டி, பயந்து, போய்விட்டார்கள்.

மே 24

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். தூங்குகிறாள்.

ஜூன் 3

"பெட்டியைத் திறந்து பாக்கலாம்மா" என்று அவளேதான் சொன்னாள். சரி என்றேன்.

கேபிள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான். திரையில் வரிசையாகத் தலைப்புகள். உங்கள் பெயர் விரைவில் காலாவதியாகும். அடுத்த வரி, மகளுடையது: அப்பா. மீண்டும் நினைவூட்டல். அப்பா. அப்பா. இறுதி எச்சரிக்கை. அப்பா. ஒன்றும் திறக்கப்படாமல், எல்லாம் தடித்த எழுத்தில். கம்பெனியும் அவளும் மாறி மாறிக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நான் வெளியிலிருந்து துடைத்திருக்கிறேன்.

அவளுடையது எதையும் நான் திறக்கவில்லை. "படிக்கணும்னா படி" என்றாள். "நீ சொல்லு, கேக்கறேன்" என்றேன். காபி போட்டுக் கொண்டுவந்தாள், சர்க்கரை இல்லாமல். கேபிள் ஒரு வாய் குடித்துவிட்டு, "வாலு, இது என்ன, விருந்தாளியை விரட்ற மருந்தா?" என்றான். சிரித்தாளா? உதட்டோரம் ஏதோ அசைந்தது.

கிளம்பும்போது அவன் என்னிடம் மட்டும் சொன்னான். "பதில் போட்டது மனுஷனாக்கூட இருக்காதுக்கா. வர்ற மெயிலையெல்லாம் படிச்சு அதுவே பதில் போடற புரோகிராம் இருக்கு." இந்த மோசடி பற்றி நாங்கள் புகார் கொடுத்த இடங்களிலிருந்தெல்லாம் 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்திருக்கிறது. அதையும் மனிதர் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. அந்தப் 'பரவாயில்லை'க்குப் பின்னால் ஒரு திருடனாவது இருக்கட்டும்.

ஜூன் 14

இன்று தானாகவே உட்கார்ந்து பேசினாள். முக்கால்வாசி என் மேல் கோபம். அன்று அவரை ஆஸ்பத்திரியில் பார்க்க விடாமல் நேராக வீட்டுக்கு வரச் சொன்னதற்கு. ஒரு இடத்தில் எழுந்து போய்விடலாம் போல இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 15

எங்கள் பழைய டொமைன் பெயரை இன்று இணையத்தில் தட்டிப் பார்த்தேன். செருப்பு விற்கிறார்கள்.

ஜூன் 28

விட்ட தேர்வுகளை எழுத நாளை கிளம்புகிறாள். அவளுக்கும் எனக்கும் வேறு முகவரி போட்டாயிற்று, எல்லோரும் வைத்திருக்கும் பெரிய கம்பெனியில். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கு அவளுடையதில் என் முகவரி, என்னுடையதில் அவள் முகவரி. கேபிள் பக்கத்தில் நின்று சரிபார்த்தான்.

பெட்டியை நகல் எடுத்துக்கொண்டு சர்வரை நிறுத்தினோம். சுவிட்சை அவள்தான் அழுத்தினாள். விசிறி கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. வீட்டில் இவ்வளவு சத்தம் இருந்தது அது நின்ற பிறகுதான் தெரிகிறது. குழாய் சொட்டுவது கேட்கிறது. சரி செய்யச் சொல்ல வேண்டும்.

ஜூலை 9

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். தேர்வு முடிந்து அப்போதுதான் வெளியே வந்தாளாம். அந்த அவசரம் குரலில் அப்படியே இருக்கிறது. "என்னம்மா, என்னம்மா?" ஒண்ணுமில்லடி. சும்மாதான்.

ஜூலை 21

முதல் மணி. "என்னம்மா?"

ஆகஸ்ட் 6

லேபில் இன்று வேலை நெரிசல், ஒரு பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீர், நாலு தடவை சோதித்தோம். டீ இடைவேளையில் மகளைக் கூப்பிட்டேன். ஒரு மணி அடித்தது. இரண்டு. மூன்று.

கட் செய்துவிட்டாள்.

அரை நிமிடம் கழித்து ஒரு செய்தி: 'ஃபிரெண்ட்ஸ்கூட இருக்கேன். அப்புறம் பேசறேன். நச்சரிக்காதே.'

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டீ ஆறிப் போயிற்று. ஆறியதையே குடித்தேன்.